ஜெபசெல்வி திறந்து வைத்த மூன்று படிவங்கள்

மாசமாக இருக்கும் பெண்களைத் தேடிப் பிடிப்பதுதான் ஜெபசெல்வியின் வேலை. பழவேற்காட்டு ஏரியோரத்தில் நாலு குப்பம் அவள் பொறுப்பு. பன்னிரண்டாவது முடித்து, மீஞ்சூர் கம்பெனி ஒன்றுக்கு ஆறு வருஷம் ஓடி ஓடித் தேய்ந்தவள். இப்போது சுகாதார நர்ஸுக்கு உதவியாள். கையில் ஒரு போன், போனில் ஒரு ஆப். ஆளுக்கொரு படிவம், படிவத்துக்கு நாற்பத்தொரு கேள்வி.

அத்தனைக்கும் யார் உட்கார்ந்து பதில் சொல்வார்கள்? படகு கரை சேர்ந்தால் பெண்கள் ஏலக் கொட்டாயில் இறாலைத் தரம் பிரிக்க வேண்டும். கை ஓயாது. அதனால் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். மூன்று பேருடைய படிவத்தையும் ஒரே சமயத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கேள்வியை மூவரிடமும் கேட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால் தள்ளித் தள்ளித் தட்டுவாள். மேலே நம்பர் மட்டும்தான் தெரியும். பெயர் பார்க்க முதல் பக்கத்துக்குப் போக வேண்டும். எதற்கு வீண் வேலை? உட்கார்ந்திருக்கும் வரிசைதான் கண்ணெதிரே இருக்கிறதே. அந்த வெள்ளிக்கிழமை முதலில் சுதா, நடுவில் சத்யா, கடைசியில் கிறிஸ்டினா.

"தலவலி, கண்ணு மங்கல் ஏதாச்சும் கீதா?" என்று போனில் குனிந்தபடியே கேட்டாள்.

"ரெண்டு நாளா கண்ணு முன்னால பூச்சி பறக்குதுக்கா" என்றது கடைசியிலிருந்து ஒரு குரல்.

"வூட்டுக்காரன் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தா பூச்சி இன்னா, பாம்பே பறக்கும்" என்றாள் ஏலத்துக்கு வந்திருந்த செல்வம்மாள். கொட்டாயே சிரித்தது. ஜெபசெல்வியும் சிரித்துக்கொண்டே மூன்றாவது படிவத்தில் 'ஆம்' என்று தட்டினாள்.

திருப்பாலைவனம் தாண்டும்போது, ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தபடி படிவங்களை முடித்து அனுப்பினாள். கிறிஸ்டினாவின் படிவம் மட்டும் சிவப்பாக மாறியது: உடனே மருத்துவரிடம் அனுப்பவும். மாசமாக இருப்பவளுக்குக் கண்ணில் பூச்சி பறந்தால் ரத்தக் கொதிப்பாக இருக்கலாம், வலிப்பில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று நர்ஸம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்டினாவுக்குப் போன் போட்டாள்.

"எனக்கா? நல்லாத்தான்கா கீறேன். நான் எங்க சொன்னேன்?"

"கடைசில குந்தினு இருந்தது நீதானடி?"

"வெயில் திரும்பிச்சில்ல? நிழலுக்காக மாறி மாறிக் குந்தினோம். நான் நடுவுல வந்துட்டேனே."

"அப்ப கடைசில யாரு?"

"கவனிக்கலியேக்கா. நான் அப்பவே வூட்டுக்கு வந்துட்டேன்."

சுதாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சத்யாவின் போனும் அப்படித்தான். இறால் கையோடு யார் எடுப்பார்கள்? ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, எதிரே வந்த வண்டியைக் கைகாட்டி ஏறினாள்.

கொட்டாயில் இரண்டு பேரும் இருந்தார்கள். "பூச்சி பறக்குதுன்னு யாருடி சொன்னது?"

"நானில்லபா" என்றாள் சுதா.

"நானுமில்லக்கா" என்றாள் சத்யா, தலை நிமிராமல்.

"சிரிச்சிட்டோம்னு ரோசமாடி?" என்றாள் செல்வம்மாள். குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"ரெண்டு பேரும் கைய கழுவுங்க. நர்ஸம்மா பாத்து சொல்லட்டும்."

"இத்தினி இறால யாரு பிரிப்பா?"

செல்வம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு கூடைமுன் உட்கார்ந்தாள். "போங்கடி."

ஆஸ்பத்திரியில் சுதாவுக்குச் சரியாக இருந்தது. சத்யாவின் கையில் பட்டையைச் சுற்றிய நர்ஸம்மா, அவிழ்த்து மறுபடி சுற்றினார். ரத்தக் கொதிப்பு நூற்றறுபதுக்கு நூற்றுப்பத்து. உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

"சொன்னா அட்மிட் பண்ணிடுவாங்கன்னு பயந்துட்டேன்கா" என்று அழுதாள் சத்யா. "மூத்தது வூட்ல தனியா கீது."

"நான் பாத்துக்கறேன். நீ கம்முனு படு."

வண்டி கிளம்பிப் போனது. அப்பாடா என்று மூச்சு விட ஜெபசெல்வியால் முடியவில்லை. பங்குனியிலிருந்து ஐம்பத்தெட்டுப் படிவம் இதே மாதிரிதான் போட்டிருக்கிறாள். எத்தனை நாள் வெயில் திரும்பியிருக்கும்? யாருடைய 'ஆம்' யாருடைய படிவத்தில் கிடக்கிறது? 'இல்லை' என்று தவறாக விழுந்ததற்குச் சிவப்பும் வராதே!

ஆஸ்பத்திரி வாசல் படியிலேயே உட்கார்ந்து பழைய படிவங்களைத் திறந்தாள். ஒன்றைத் திறந்தாள், பேசி முடிக்கும்வரை இன்னொன்றைத் தொடவில்லை.

"அல்லோ, ஆரோக்கியமேரியா? ஒண்ணுமில்லமா, பயந்துக்காத. அன்னிக்குக் கேட்டதையே திரும்பக் கேக்கறேன், நீ மட்டும் பதில் சொல்லு."