கற்பூரம் அணைத்த கணக்கு

சேனாதிபதி என்று பேர் வைத்தார்களே தவிர, அவருக்குப் படையும் கிடையாது, பரிவாரமும் கிடையாது. வில்பட்டி மலைச்சரிவில் ஒரு துண்டுப் பூண்டுக்காடு, பெண்டாட்டி கந்தம்மாள், எவர் வந்தாலும் கேள்வி கேட்கிற ஒரு வாய். அவ்வளவுதான் சொத்து.

ஐம்பத்தெட்டாம் வருசம் பனி அடித்து உருளைக்கிழங்கு கருகிப்போனது. சனங்களுக்குக் கூலியாவது கிடைக்கட்டும் என்று சர்க்கார் பணம் ஒதுக்கி, ஓடைக்குப் பாலம் கட்டச் சொன்னது. காண்ட்ராக்ட் எடுத்தவர் பழனிக்காரர் ஞானவேல். சேனாதிபதி கலவையைக் கையில் அள்ளி உதிர்த்துப் பார்த்தார். எல்லாம் மணல், சிமெண்டு பேருக்குத்தான்.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டார். "திருவிழா முடிஞ்சா வரவு செலவ ஊர் முன்னால வாசிக்கிறோம்ல. சர்க்கார் பணமும் நம்ம பணந்தான. எம்புட்டு வந்துச்சு, எம்புட்டுக்கு சிமெண்டு வாங்குனீங்கன்னு வாசிங்க."

ஞானவேல் அசரவில்லை. "கணக்கு என்னங்க பெரிய கணக்கு. காளியாத்தா முன்னால கற்பூரம் அணைக்கிறேன்."

அந்த ஊரில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறமும் கேட்டால் சாமியையே சந்தேகப்பட்டதாகிவிடும். சேனாதிபதிக்கும் அந்தப் பயம் உண்டு. எரியும் கற்பூரத் தட்டைத் தானே எடுத்து நீட்டினார், பாவி மனுசன். அதை நினைத்துப் பிற்பாடு அவர் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை. ஞானவேல் உள்ளங்கையால் சுடரை அணைத்து, கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார்.

ஐப்பசி மழையில் பாலம் போனது. அப்போது கந்தம்மாள் பூண்டு மூட்டையோடு அதன்மேல் நடந்துகொண்டிருந்தாள். உயிர் தப்பியது, இடுப்பு தப்பவில்லை. சாமி ஞானவேலைக் கேட்கும் என்று ஊர் காத்திருந்தது. அவர் பழனியில் மாடி வீடு கட்டினார்.

அதே பாலத்துக்கு மறுபடி பணம் வந்தது. அதே ஞானவேல் வந்தார், அதே தட்டும் வந்தது.

"சாமிய விட்டுருங்க. கணக்க வாசிங்க" என்றார் சேனாதிபதி.

"ஏலே, மொதத் தடவ தட்ட நீட்டுனது யாரு?" என்று கேட்டார் நாட்டாமை ஆண்டிச்சாமி. "அன்னைக்கு இருந்த சாமி இன்னைக்கு இல்லாமப் போச்சா?"

சேனாதிபதி உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் வேறு யாரும் கேட்கவுமில்லை. சுடர் அணைந்தது.

வீட்டில் கந்தம்மாள் படுத்தபடியே கேட்டாள். "கணக்கு வாசிச்சாகளா?"

"இல்ல. கற்பூரம் அணைச்சாக."

அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றாள். இடுப்பு இடம் கொடுக்கவில்லை. அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பிவிட வேண்டியிருந்தது.