மாற்றாத பிரேக்

எண்பதுகளின் நடுவில் நான் அடி அண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். வீடு திருவண்ணாமலை ஊருக்குள். காலையில் செங்கம் ரோட்டில் போகும் பஸ்ஸைப் பிடித்து, கிரிவலப் பாதை பிரிகிற இடத்தில் இறங்கி, மீதி தூரத்தை நடப்பேன். நான்கு வருடம் அப்படி நடந்தேன். பிறகு ஒருநாள் என் கணவர், "உனக்கு ஒரு மொபெட் வாங்கிடலாம்" என்றார்.

வண்டி வாங்கலாம் என்றவர் அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காலி மைதானம் ஒன்றுக்குக் கூட்டிப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சீட்டைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடி வருவார். நான் தனியாக ஒரு சுற்று வந்து நின்ற அன்றைக்கு, மைதானத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, எப்படி ஓட்றாங்கன்னு" என்று காட்டினார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெண்கள் வண்டி ஓட்டுவது அபூர்வம். ஒரு நர்ஸ் ஓட்டினார், பிறகு நான். கடைத்தெருவில் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது, அப்புறம் பிடித்துப்போனது.

இரண்டாவது வருடம் ஐப்பசியில் நல்ல மழை. பள்ளிக்கூடத்தில் வண்டி நிறுத்த நிழல் கிடையாது, நாள் முழுக்க நனையும். கார்த்திகை முடிவதற்குள் பிரேக் பிடித்தால் கிரீச்சென்று கத்த ஆரம்பித்தது. பிடித்த இடத்திலிருந்து நாலு முழம் தள்ளித்தான் வண்டி நிற்கும். கணவரிடம் சொன்னேன்.

"துரு ஏறியிருக்கும். பிரேக் ஷூவும் தேஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை பாய்கிட்ட குடுத்து எல்லாத்தையும் மாத்திடறேன்" என்றார். மெக்கானிக் பாயின் கடை எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடை. என் கணவர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர், லீவு நாளில் வெளியே போவதென்றால் அவருக்கு அலுப்பு. ஆனாலும் சொன்னபடி ஞாயிறு காலையிலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையில் இட்லிப் பொட்டலம் இருந்தது. "புதுசு போட்டாச்சு. ஷூ, கேபிள், ஸ்பிரிங், எல்லாம்" என்றார். நான் டிகாஷன் இறக்கி வைத்திருந்தேன். ஒரே இலையில் சட்னி ஊற்றி இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஒரு வாரம் பிரேக் நன்றாகப் பிடித்தது. அப்புறம் மறுபடியும் பழையபடி ஆனது.

"புதுசு மாதிரியே இல்லையேங்க" என்றேன்.

"புதுசு செட்டாகறதுக்கு நாளாகும். உனக்குப் பதமா பிடிக்கத் தெரியல, அவ்ளோதான்."

இன்னொரு நாள் சொன்னபோது, "பயமா இருந்தா சொல்லு. பழையபடி பஸ்லயே போயிக்கலாம். ஒண்ணும் கட்டாயம் இல்ல" என்றார். என்மேல் அக்கறைப்பட்டுச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பயமில்லை என்று காட்டுவதற்காக மறுநாள் கொஞ்சம் வேகமாகவே போனேன். பிடிக்கத் தெரியாதது என் கைதான் என்று நம்பி, வீட்டு வாசலில் நின்று லீவரை அழுத்தி அழுத்திப் பழகியதும் உண்டு.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். பள்ளியில் சத்துணவு சமைக்கிற ஆயாவின் மகளுக்குப் பெரியாஸ்பத்திரியில் குழந்தை பிறந்திருந்தது. "டீச்சர், உங்க வண்டில என்ன இட்டுக்கினு போயி ஆஸ்பத்திரிகிட்ட எறக்கி வுடுறீங்களா?" என்று கேட்டாள். ஏறிக்கொள்ளச் சொன்னேன். மடியில் ஒரு வயர் கூடையை வைத்துக்கொண்டு, ஒருபக்கமாக உட்கார்ந்து, வழியெல்லாம் பேரனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

கிரிவலப் பாதை செங்கம் ரோட்டைத் தொடுகிற இடத்தில் லேசான இறக்கம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று ரோட்டைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. நான் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். லீவர் இரண்டும் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டன. வண்டி நிற்கவில்லை. உள்ளே இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாட்டு வண்டியின் சக்கரம் கண்ணுக்கு நேராக வந்தது. அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நான் ஹேண்டிலை ஒடித்துப் பள்ளத்தில் இறக்கினேன்.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆயா இடது கை அடியில் மாட்டிக்கொள்ள விழுந்திருந்தாள். முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. "எம்மா, எம்மா" என்று மெதுவாகத்தான் சொன்னாள். அவள் சத்தம் போட்டு அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தாங்க முடிந்திருக்கும்.

மகள் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரியில் தாய்க்கு மாவுக்கட்டு போட்டார்கள். தகவல் தெரிந்து என் கணவர் ஓடி வந்தார். சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தது. என் தோளைத் தொட்டு, "உனக்கு ஒண்ணும் இல்லியே, ஒண்ணும் இல்லியே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஆயாவின் கட்டிலுக்குப் போனார். நான் அவள் மகளிடம் விஷயத்தைச் சொல்ல அடுத்த வார்டுக்குப் போய்விட்டேன்.

"இனிமே இந்த வண்டி வேணாம். வித்துடலாம்" என்றார், வீட்டுக்குப் போகும் வழியில்.

ஆனால் எனக்கு ஆறவில்லை. புதிதாகப் போட்ட பிரேக் இரண்டு மாதத்துக்குள் எப்படிப் போகும்? பாய் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். சனிக்கிழமை கணவர் வெளியே போயிருந்த நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். கடையில் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே சத்தம் போட்டேன்.

"நம்பித்தானே பாய் உங்ககிட்ட குடுத்தோம்? ஒரு பொம்பளை கை உடைஞ்சு கெடக்குறா. நீங்க போட்ட பிரேக்தானே இது?"

பாய் நின்றிருந்தவர்களை, "அப்புறமா வாங்க" என்று அனுப்பினார். வண்டியைச் சாய்த்துப் பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் திறந்து தட்டினார். சிவப்பாகத் துருப்பொடி தரையில் கொட்டியது. உள்ளே இருந்த ஷூவை எடுத்து என்னிடம் நீட்டினார். மேலே ஒட்டியிருக்க வேண்டிய பட்டை முழுக்கத் தேய்ந்து வெறும் இரும்பு தெரிந்தது. ஸ்பிரிங் கையில் எடுத்ததுமே இரண்டாக ஒடிந்தது.

"இது புதுசா பாய்?"

"புதுசு இல்ல டீச்சர். நான் புதுசு போடவே இல்ல." ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை. "சார் வேணாம்னுட்டாரு. பழசையே உப்புத்தாள் போட்டுத் தேச்சு மாட்டுங்க, கேபிளை இழுத்துக் கட்டிடுங்க, அது போதும்னாரு. பட்டை சுத்தமா இல்ல சார், ரொம்ப நாள் தாங்காதுன்னு நான் சொன்னேன். தாங்காட்டி நல்லதுதான் பாய்னு சொல்லிட்டு சிரிச்சாரு. பிரேக் பிடிக்கலைன்னா அவளே பயந்துபோயி வண்டிய விட்டுடுவா, நான் நிறுத்தச் சொன்னா கேக்க மாட்டா, அப்படின்னாரு. ஆபீஸ்ல கேலி ஜாஸ்தியாப் போச்சாம். சம்சாரம் வண்டி ஓட்ட சார் பின்னாடி உக்காந்துக்கினு போறாருன்னு பேசிக்கிறாங்களாம்."

என்ன கேட்பது என்று தெரியாமல், "அது எந்தக் கிழமை?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமைங்க. கையில இட்லிப் பொட்டலம் வச்சிருந்தாரு."

அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"என் மேலயும் தப்பு இருக்குது" என்றார் பாய். "உங்களாண்ட வந்து சொல்லியிருக்கணும். வீட்டு விஷயம்னு இருந்துட்டேன்."

என் எதிரிலேயே பிரேக்கை மாற்றச் சொன்னேன். டிரம்மை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவித் துருவைச் சுரண்டினார். புது ஷூ, புது ஸ்பிரிங், புது கேபிள், முன்சக்கரத்துக்கும் அப்படியே. ஒவ்வொன்றையும் என் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டவிட்டேன். அவர் மேல் எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. கண்ணால் பார்க்காத எதையும் அன்றைக்கு என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முடிந்ததும் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பிடித்துப் பார்த்தேன். நினைத்த இடத்தில் நின்றது.

வண்டிச் சத்தம் கேட்டுக் கணவர் வாசலுக்கு வந்தார். நான் பையிலிருந்து பழைய ஷூவை எடுத்து அவர் கையில் வைத்தேன். துரு அவர் உள்ளங்கையில் ஒட்டியது.

"பாய் சொல்லிட்டாரா?" என்றார்.

அவர் பொய் சொல்லுவார், இல்லையென்று சாதிப்பார், நான் சண்டை போடலாம் என்று வழியெல்லாம் தயாராகிக்கொண்டு வந்திருந்தேன். அந்த ஒரு கேள்வியில் அதெல்லாம் வீணாய்ப் போனது.

"நீ கொஞ்சம் பயப்படுவேன்னுதான் நெனச்சேன். விழுவேன்னு நெனக்கல."

"பின்னாடி ஒரு பொம்பளை உக்காந்திருந்தா."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"வண்டி வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

கேட்டிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன். கடைசியில் விட்டும் கொடுத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது என் எதிரில் நின்று பேசியதாக இருந்திருக்கும். என் கைக்குத்தான் பிடிக்கத் தெரியவில்லை என்று என்னையே நம்பவைத்தாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அன்றைக்கு அவர் மன்னிப்புக் கேட்டார். நான் சமைத்தேன், பரிமாறினேன். எதிரே உட்கார்ந்து சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை வண்டியிலேயே பள்ளிக்கூடம் போனேன். ஊரில் பேச்சு நன்றாகவே கிளம்பியிருந்தது. பொம்பளைக்கு வண்டி எதுக்கு, ஓட்டத் தெரியாமல் கவுத்துவிட்டாள் என்றார்கள். சிலர் என் காதுபடவே சொன்னார்கள். "பிரேக் பிடிக்கல" என்று மட்டும் எல்லாரிடமும் சொன்னேன். ஏன் பிடிக்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றுவதற்கா, என் வீட்டு மானத்துக்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஓட்டத் தெரியாதவள் என்ற பழியை நானே சுமந்துகொண்டேன்.

நாங்கள் பிரியவில்லை. அதற்குப் பிறகு பல வருடம் சேர்ந்து வாழ்ந்தோம், பிறகு பிறந்த மகளை வளர்த்தோம். எனக்குத் தெரிந்த வரையில் அவர் வேறெந்த ஏமாற்றும் செய்யவில்லை. எனக்குத் தெரிந்த வரையில் என்று அவரைப் பற்றிச் சொல்லும் பழக்கம் அந்த வருடத்தில்தான் வந்தது.

ஆயாவின் கை கூடுவதற்குச் சித்திரை ஆகிவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் அது முழுதாக நீளவில்லை. பள்ளி மறுபடி திறந்த முதல் வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பேரனைப் பார்க்கப் போக வேண்டுமாம்.

"பிரேக்கு இப்ப நல்லா பிடிக்குதா டீச்சர்?"

"பிடிக்குது. கூடவே இருந்து மாத்த வச்சேன்."

ஏறி உட்கார்ந்து, நல்ல கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் பேச ஆரம்பித்தாள்.

"உங்க வூட்டுக்காரரு ரொம்ப நல்ல மனுசன் டீச்சர். அன்னிக்கி ஆஸ்பத்திரில நீங்க அந்தாண்ட போனப்புறம் என் கையப் புடிச்சுக்கினு அழுதாரு. எனக்கே பாவமாப் போச்சு. நாந்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன்."

அவர் அழுதது நிஜம்தான் என்று எனக்குத் தெரியும். ஏன் அழுதார் என்பதும் தெரியும். அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. இறக்கம் வந்தது. பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, செங்கம் ரோட்டில் ஏறினேன். அவள் பேரனுக்குப் பல் முளைப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தாள்.