குழம்பு சுண்டினால் உப்பா போடுவார்கள்?

வளர்ப்பு மீன் கடைக்காரரே, என் கடல்மீன் தொட்டியில் உயிருள்ள பவளம் சுருங்கியதற்கு நீங்கள்தான் காரணம். தண்ணீர் குறையும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னீர்கள். திருவண்ணாமலை வெயிலில் தினமும் குறைந்தது, நானும் ஊற்றினேன். பூப்போல விரிந்திருந்த பவளம் மூடிக்கொண்டது. செத்துவிட்டதென்று தூக்கிப்போடப் போனேன். தொட்டிப் பக்கமே வராத என் மனைவி கையைப் பிடித்தாள்.

"ஏங்க, குழம்பு சுண்டிப்போனா உப்பா போடுவாங்க? வெறும் தண்ணிதானே ஊத்துவாங்க?"

உப்பின் அளவு காட்டும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். உப்பு ஜாஸ்திதான். சுத்திகரித்த வெறும் தண்ணீரை எடுத்து வந்தேன்.

"கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. பாவம், பயந்துடப் போவுது."

சில நாட்களில் அது மறுபடி விரிந்தது. அவள் கண் கலங்கிவிட்டது.

இன்னமும் எல்லோருக்கும் உப்புத் தண்ணீர் ஊற்றத்தான் சொல்கிறீர்களாம். ஆவியாவது தண்ணீர், உப்பு எங்கே போகும்? உங்கள் கடையில் நிற்பவர்கள் முன்னால் பதில் சொல்லுங்கள்.