ஒரு மிதி சூடு, இரண்டு மிதி ஜில்

எங்கள் சித்தப்பா குளிக்கப் போனால் வெந்நீர் வாளிக்குள் முதலில் காலைத்தான் விடுவார். கட்டை விரலை முக்கிப் பார்த்து, பிறகு பாதத்தை இறக்கி, சூடு சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சொம்பை எடுப்பார். ஊரில் எல்லோரும் கையை விட்டுப் பார்க்கும்போது இவருக்கு மட்டும் ஏன் கால் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அந்தக் கால் பட்ட தண்ணீரில் குளிக்க மாட்டேன் என்று நான் ஒப்பாரி வைப்பேன். எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததும் நடக்கிற முதல் சண்டை இதுதான். சித்தப்பா சிரித்துக்கொண்டே குளித்துவிட்டு உப்பளத்துக்குக் கிளம்பிவிடுவார்.

மரக்காணத்தில் உப்பு வாருகிறவர்களுக்கு உள்ளங்கையும் பாதமும் வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் இறங்கினால் எப்படி எரியும் என்பதை அவர்கள் வாயில் வருகிற வார்த்தைகளை வைத்தே நான் தெரிந்துகொண்டேன். சித்தப்பாவின் கையிலும் வெடிப்பு இருந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. தோளில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, பலகையால் உப்பைக் கரைக்கு இழுத்தபடி பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்.

தெருப் பிள்ளைகளுக்கு அவர் ஒரு வித்தைக்காரர். பனங்கிழங்கு வேகிற பானையை இறக்கியதும், ஆவி அடங்குவதற்குள் கையை உள்ளே விட்டு ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுப்பார். நாங்கள் அதை வாங்க முடியாமல் பாவாடையில் ஏந்திக்கொண்டு குதிப்போம். எங்க சித்தப்பாவுக்கு இரும்புக் கை என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். மறுநாள் இரும்பில் கொப்புளம் போட்டிருக்கும். அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தால், உப்புல ஊறின கை அண்ணி, அப்படித்தான் இருக்கும் என்பார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மொபட் செயின் கழன்றுவிட்டது. வெளியே போய்விட்டு வந்த சூட்டோடு வண்டியை நிறுத்தியிருந்தார் அப்பா. சித்தப்பா குந்தி உட்கார்ந்து செயினை மாட்டினார். நான் பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றிருந்தேன். என்னவோ கருகுகிற வாடை வந்தது. பார்த்தால், அவருடைய இடது கை சைலன்சர் மேல் சாவகாசமாக ஊன்றியிருக்கிறது. நான் போட்ட சத்தத்தில்தான் அவர் கையை எடுத்தார். தோல் வெந்து போயிருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடு தெரியலையா சித்தப்பா?"

"தொட்டா தெரியுது பாப்பா. சூடுதான் தெரியல. உப்புக் கை இல்ல? யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு பால் ஐஸ் கிடைத்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு பால் ஐஸுக்கு நான் எந்த ரகசியத்தையும் காப்பாற்றுவேன்.

சுனாமி வந்து போன மறு வருஷம் அவருக்குப் பெருமுக்கல்லில் பெண் பார்த்தார்கள். பெண்ணை அவர் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தார். அதற்கே இரண்டு புதுச் சட்டை தைத்துக்கொண்டார், தலைக்கு எண்ணெய் வைக்கும்போது விசிலடித்தார். அந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். அம்மாவிடம் மட்டும் சொன்னதால் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

பிறகு பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் பெண்ணின் தாய்மாமாதான் முக்கியஸ்தர். காபி குடிப்பது பரவாயில்லை, ஆனால் சாப்பாட்டில் கை நனைத்தால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். அம்மா வடை பாயசத்தோடு சமைத்துவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி வந்தது. எல்லோரும் டம்ளரின் விளிம்பைத் துண்டால் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மட்டும் தண்ணீர் டம்ளரைப் பிடிப்பதுபோல முழுக் கையால் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். மாமாவின் கண் அந்தக் கையில் போய் நின்றது. கொப்புளத் தழும்புகளையும், கட்டை விரலுக்குப் பக்கத்தில் சதை வற்றிக் குழிவிழுந்த இடத்தையும் அவர் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். சாப்பிடாமலே எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

வாசலில் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு அவர் பேசினார். "தப்பா நெனைக்காதீங்க. ஒரு தடவ டாக்டர் கையில காட்டிட்டா எங்களுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

பெரிய வியாதியோ என்று அவருக்குச் சந்தேகம். தொழுநோய் என்ற சொல்லை எங்கள் பக்கம் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அன்று அம்மா சமைத்ததை நாங்களே மூன்று வேளையும் சாப்பிட்டோம். எனக்குப் பாயசம் கூடுதலாகக் கிடைத்தது என்பதைத் தவிர வேறு எதிலும் சந்தோஷமில்லை. சித்தப்பா சாப்பிடவேயில்லை.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் முகாம்களுக்குக் குறைவில்லை. கண்ணுக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அனுமந்தைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தோல் முகாம் போட்டார்கள். மாமாவும் நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பினார். அங்கே என்ன செய்வார்கள் என்பதை, முன்பே ஒரு முகாமில் தேமலைக் காட்டிவிட்டு வந்த உப்பளத்துக் கூட்டாளி சொல்லியிருந்தார். கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் தொடுவார்கள். பிறகு சூடான தண்ணீர் ஊற்றிய சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்று, குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது ஒன்று, மாற்றி மாற்றித் தோலில் வைத்து எது சூடு, எது ஜில் என்று கேட்பார்கள்.

முகாமுக்குப் பாப்பாவும் வரட்டும் என்றார் சித்தப்பா. சைக்கிளின் முன் கம்பியில் என்னை உட்காரவைத்து, வழியெல்லாம் பாடம் நடத்தினார். சூடென்றால் அவர் கால் மேல் ஒரு மிதி. ஜில்லென்றால் இரண்டு மிதி. குழாயில் ஆவி படிந்திருந்தால் சூடு, வெளியே வியர்த்திருந்தால் ஜில். எனக்கு ஒரே குஷி. பரீட்சையில் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துக் காப்பியடிக்கப் போகிறார் என்பது சாதாரண விஷயமா?

முகாமில் ஒரு நர்ஸ் அக்கா இருந்தாள். சித்தப்பாவைப் பெஞ்சில் உட்காரவைத்துச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். நான் அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். மாமா கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். முதலில் பேனா. தொட்ட இடத்தையெல்லாம் சித்தப்பா கண்ணை மூடியபடியே சரியாகக் காட்டினார். அதற்கு என் கால் தேவைப்படவில்லை. மாமாவின் முகம் கொஞ்சம் இளகியது.

பிறகு குழாய்கள் வந்தன. உள்ளங்கையில் வைத்தாள். ஒரு மிதி. சூடுங்க என்றார். மணிக்கட்டில் வைத்தாள். இரண்டு மிதி. ஜில்லுன்னு இருக்குங்க என்றார். முழங்கை வரைக்கும் நான் ஒரு தப்பும் செய்யவில்லை.

அவள் அதோடு நிறுத்தவில்லை. குழாயைத் தோளில் வைத்தாள். நான் மிதிக்கவில்லை. உப்பில் ஊறியது கைதானே, தோள் இல்லையே, தோளுக்கு அவரே சொல்லிக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். மூடிய இமைக்குள் அவர் கண் அசைந்தது.

"என்னங்க, தெரியலையா?" என்றாள் அக்கா.

மாமா ஓர் அடி முன்னால் வந்தார். ஓங்கி ஒரு மிதி மிதித்தேன்.

"சூடுங்க," என்றார் சித்தப்பா.

பின்கழுத்திலும் வைத்தாள். அதற்கும் மிதித்தேன். அக்கா குழாய்களை மூடிவிட்டு, உள்ளே டாக்டரிடம் கேட்டு வந்து, பெரிய வியாதியெல்லாம் இல்லை, கையைப் பார்த்துப் பத்திரமாக வேலை செய்யுங்கள் என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தாள். மாமா சித்தப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வாரமே அவர்கள் வந்து எங்கள் வீட்டில் கை நனைத்தார்கள். பெருமுக்கல்லில் கல்யாணம் நடந்தது. மலை மேல் இருக்கிற கோயிலுக்குப் படியேறும்போது சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். எல்லாம் என்னால்தான் நடந்தது என்று நான் நம்பினேன். அது பொய்யும் இல்லை.

எட்டு வருஷம் கழித்துப் பிசியோதெரபி படிக்கப் போனேன். இரண்டாம் வருஷ வகுப்பில் ஆசிரியர் தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று போர்டில் வரைந்தார். தொடுவதைச் சொல்லும் நரம்பு உள்ளே நுழைந்ததும் அதே பக்கத்தில் நேராக மேலே ஏறிவிடும். வலியும் சூடும் குளிரும் அப்படியில்லை. அவை தண்டுவடத்துக்குள்ளேயே இன்னொரு நரம்பணுவிடம் செய்தியை ஒப்படைக்கும். அந்த அணுவின் இழை நடுவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்த்தான் மூளைக்கு ஏறும். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், தொடுதல் மரக்காணத்தில் ஏறி நேராகச் சென்னை போகிற பயணி. சூடு திண்டிவனத்தில் இறங்கி வண்டி மாறுகிற பயணி. கழுத்துப் பக்கம் தண்டுவடத்தின் நடுவில் நீர் கோத்துப் பள்ளம் விழுந்தால், கடந்து போகிற அந்த இழைகள்தான் முதலில் அறுந்துபோகும். தொட்டால் தெரியும், சுட்டால் தெரியாது. கால் நன்றாக இருக்கும்.

ஆசிரியர் ஒரு ஆளின் உருவத்தை வரைந்து, உணர்ச்சி போகிற இடத்தைச் சாக்பீஸால் நிரப்பினார். இரண்டு கை, இரண்டு தோள், பின்கழுத்து. துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர் நிற்பதுபோல இருந்தது. எனக்கு அந்த ஆளைத் தெரியும்.

மிச்ச வகுப்பு என் காதில் ஏறவில்லை. அந்த நோயை அன்றைக்கே காட்டிக்கொடுத்திருக்கக்கூடியவை அந்த இரண்டு குழாய்கள்தான். அவற்றை நான் காலால் மிதித்துத் தோற்கடித்திருக்கிறேன். அந்த வாரமே சித்தப்பாவை அழைத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்கு ஓடினேன். ஸ்கேன் எடுத்தார்கள், ஆபரேஷன் செய்தார்கள். இருக்கிறது இருக்கும், போனது வராது என்றார் டாக்டர். அப்படித்தான் ஆயிற்று. இன்றைக்குச் சித்தப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போடுவதும், சூடு பார்த்துச் சோறு பிசைந்து வைப்பதும் சித்திதான்.

சித்தியிடம் எல்லாவற்றையும் ஒருநாள் சொல்லி அழுதேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எந்தக் காலு?"

வலது காலைக் காட்டினேன்.

"இதுக்குக் கொலுசு வாங்கிப் போடுறதா, ஒடிச்சுப் போடுறதான்னே தெரியலடி," என்றாள். பிறகு அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சித்தியிடமும் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. முகாம் முடிந்து திரும்பும்போது எனக்கு இரண்டு பால் ஐஸ் வாங்கித் தந்தார் சித்தப்பா. போகும்போது அத்தனை பேசியவர், வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணக் கனவில் இருக்கிறார் என்று நினைத்தேன். உப்பளம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டார்.

"பாப்பா, தோள்ல வச்சாங்களே, அது நெசமாவே சூடா?"

"ஆவி வந்துச்சு சித்தப்பா."

அவர் தன் தோளைக் கிள்ளினார். சட்டையை விலக்கிவிட்டு மறுபடி கிள்ளினார். நகம் பதிகிற அளவுக்குக் கிள்ளினார். கொசு கடிக்கிறது போலிருக்கிறது என்று நானும் உதவிக்குத் திரும்பி, அவர் தோளில் பளாரென்று ஓர் அடி வைத்தேன்.

"அடிச்சது தெரியுது பாப்பா," என்றார் சித்தப்பா. "அது தெரியுது."

அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. உப்பளத்துக் காற்று கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து, இரண்டாவது ஐஸ் உருகுவதற்குள் தின்றுவிட வேண்டுமே என்ற அவசரத்தில், நான் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.