செத்தவர் பெயரில் ஒரு சனிக்கிழமை

ஆனந்தவள்ளியை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவைத் தட்டச்சு செய்தவன் நான். தென்காசிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் எழுத்தர். பாதிக் கோபம் கல்லூரி மேல், மீதி என் மேல். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவள் கணினி ஆய்வகப் பணியாளர். பதினோரு வருடமாகத் தற்காலிகம். வகுப்புகள் முடிந்ததும் எங்கள் எழுபது கணினிகளும் இன்னும் நான்கு கல்லூரிகளின் கணினிகளோடு இணைந்து ஒரே பெரிய கணினியாக வேலை செய்யும். ஆராய்ச்சிக் கணக்கைத் துண்டுதுண்டாக்கி, எது சும்மா இருக்கிறது, எது திணறுகிறது என்று பார்த்துப் பங்கிடுவாள். கல்யாணப் பந்தி விசாரிப்பவர்கள் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

ஆனால் அந்த இணைப்புக்குள் நுழையும் அனுமதி பேராசிரியர்களுக்கு மட்டும்தான். ஆராய்ச்சித் தலைவர் குற்றாலீஸ்வரன் சாரோ சாரல் விழுந்தால் நடவு பார்க்கக் கடையத்துக்குப் போய்விடுவார். “என் பாஸ்வேர்டை வச்சுக்கோம்மா. என் பேர்லயே போயிரு, உனக்கு எதுக்குத் தனியா?” என்றார். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள்தானே நாம்? யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

இந்த வருடம் அந்த வேலைக்கே நிரந்தர இடம் ஒன்று வந்தது. அவள்தான் செய்தாள் என்பதற்குச் சாரின் சான்று வேண்டும். “சார் கையெழுத்துப் போட்டுட்டா போதும் அண்ணாச்சி, பொழைச்சுக்கிடுவேன்” என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார் மாரடைப்பில் போய்விட்டார். சான்று எழுதப்படவே இல்லை.

ஐந்தருவிக்கு மேலே காட்டில் பெய்யும் மழையைப் பற்றிய கணக்கு அப்போது நாலு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை வாங்கிய அனுமதி பன்னிரண்டு மணி நேரம்தான் செல்லும்; புதுப்பிக்காவிட்டால் அத்தனையும் பாழ். உரியவர் இறந்தால் அன்றே அவர் பெயரில் உள்ள அனுமதியை மூடவேண்டும் என்பது விதி. ஐந்து கல்லூரி இணைப்பையும் நடத்தும் தலைமை மையத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டியவன் நான். துக்க வீட்டுக்குப் போகும் அவசரத்தில், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை ஆனந்தவள்ளி அழுது வீங்கிய முகத்தோடு வந்து, சார் பெயரில் நுழைந்து புதுப்பித்தாள். சாயங்காலம் கணக்கு முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து மையத்திலிருந்து கேள்வி வந்தது: செத்தவர் பெயரில் நுழைந்தது யார்?

“நான்தான் சார்” என்றாள் முதல்வரிடம். “பதினோரு வருசமா நான்தான் செய்யுதேன்.”

“அதுக்கு ஆதாரம் இருக்கா?”

இல்லை. பதிவில் எல்லாமே சார் பெயர். பதினோரு வருடம் அவள் கணக்கில் சேரவில்லை. அந்த ஒரு சனிக்கிழமையை மட்டும் சார் மேல் போட வழியில்லை. என் தகவல் தாமதமானதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

உத்தரவை நான்தான் அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். குற்றத்தைச் சொல்லும் ஒரு வரியில் விரலை வைத்தாள். ‘மழை ஆராய்ச்சிக் கணக்கை இயக்கி முடித்தவர் ஆனந்தவள்ளி’ என்று அதில் இருந்தது.

“இதுலயாவது எழுதியிருக்காவளே அண்ணாச்சி” என்றாள். “ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தருவியளா? அடுத்த எடத்துல கேட்டா காட்டலாம்லா.”

எடுத்துக் கொடுத்தேன்.