மாடிப்படியில் பொலிஸ் அதிகாரம்

அமெரிக்காவில், எடிசன் நகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிறுதோறும் ஒரு நாட்டை ஒட்டவைக்கும் வேலை நடந்தது. இலங்கையில் யுத்தம் ஒருநாள் முடியுமாம். முடிந்ததும் மத்திய அரசுக்கு என்ன அதிகாரம், மாகாணத்துக்கு என்ன என்று ஒரு வரைவு எழுதி அனுப்புவார்களாம். எழுதியவர்கள் இரண்டே பேர்: யாழ்ப்பாணத்துக்காரரான அப்பா, அவரோடு கொழும்பில் மருத்துவம் படித்த சிங்கள அங்கிள். இவர்களை யார் எழுதச் சொன்னார்கள் என்று நான் கேட்டபோது அப்பா முறைத்தார்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மீன்பிடி எல்லாம் சுமுகமாக முடிந்தன. பொலிஸில் வந்து இழுபறியாகிவிட்டது. மாகாணத்துக்குப் பொலிஸைக் கொடுத்தால் நாடு உடையும் என்றார் அங்கிள். கொடுக்காவிட்டால் இனி இந்த வீட்டுப் பக்கமே வராதே என்றார் அப்பா. சமையலறையிலிருந்து அம்மா, "விடாதேங்கோ! அதுதான் முக்கியம்" என்று தூபம் போட்டார். எனக்கோ அங்கிள் வராமல் போய்விடுவாரோ என்ற கவலை.

"பொலிஸ் கிடைத்தால் என்ன செய்யலாம்?" என்று நச்சரித்தேன். அங்கிள் சிரித்துவிட்டு, இன்றைக்கு மாடி உன் மாகாணம், பொலிஸும் உன்னுடையதே, செய்துதான் காட்டேன் என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு வயதில் ஒரு மாகாணம் என்றால் சும்மாவா! ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்ன பொலிஸ்தான். கொழும்பில் பஸ்ஸை மறித்து, அடையாள அட்டையில் பெயரைப் பார்த்து, தமிழர்களை மட்டும் இறக்கி நிறுத்தும் பொலிஸ். படிக்கட்டின் குறுக்கே வேக்குவம் கிளீனரை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கீழே பாத்ரூமில் அப்பா இருந்ததால் அங்கிள் மேலே வந்தார். "ஐ.டி. ப்ளீஸ்" என்றேன். சிரித்தபடி லைசென்ஸை நீட்டினார். படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தேன். பெயரைப் படித்தேன். "சிங்களமா? ஓரமாக நில்லுங்கள்."

அங்கிள் உண்மையாகவே ஓரமாக நின்றார். சிரிப்பு போய்விட்டது.

துணிக்கூடையோடு வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். கூடையைக் கீழே போட்டார். என்னிடமிருந்து லைசென்ஸைப் பிடுங்கி, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்து, "சாரி அண்ணை" என்றார்.

மேசைக்குத் திரும்பியதும் அங்கிள், "எழுது. ஓரமாக நின்றால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்தது. மாகாணத்துப் பொலிஸ் மாகாணத்திடமே இருக்கட்டும்" என்றார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

அம்மாதான் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தார். "வேண்டாம். எழுதாதேங்கோ." அழுதுகொண்டிருந்தார்.

அம்மா எந்தப் பொலிஸுக்குப் பயந்து அழுகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை. அந்த வீட்டில் இருந்த ஒரே பொலிஸ் நான்தானே.