பேக்கரி அடுப்பில் ஒரு சிலிண்டர் ஹெட்

தெருவில் யாரைக் கேட்டாலும் அவருக்குப் பெயர் 'அவசரம்'. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது, அதைச் சொன்னால் தபால்காரரே முழிப்பார். பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தே வீட்டுக் கதவு, சன்னல் எல்லாவற்றிலும் கைரேகை வைத்திருக்கிறார் மனிதர். தங்கமான ஆள்தான். ஆனால் கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டால் போதும், முள்மேல் உட்கார்ந்த மாதிரி நெளிய ஆரம்பித்துவிடுவார்.

இவருக்கு வாய்த்த வண்டியைப் பாருங்கள், செயின் டிராக்டர்! டயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை. பக்கத்தில் ஆமை போனால் அதற்கு வழிவிட வேண்டியதுதான். இளவயதில் ரோடு போடும் வேலையில் அதைத்தான் ஓட்டினார். வேலை முடிந்து வண்டியைக் கழித்துக்கட்டியபோது, கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக் கொட்டகைக்கே கொண்டுவந்துவிட்டார். ஒரு மழைநாளில் சேற்றில் புதைந்த பஸ்ஸை அதில் கட்டி இழுத்துக் கரையேற்றினார். பஸ்ஸின் சன்னல் வழியாக எட்டிப் பார்த்த பெண்தான் இன்றைக்கு அவர் மனைவி. வீட்டு முன்பக்கத்தில் பேக்கரி நடத்துகிறாள்.

அப்பேர்ப்பட்ட வண்டி போன வருஷம் படுத்துவிட்டது. எஞ்சின் ஆயில் பால் ஊற்றின காபி மாதிரி ஆகியிருந்தது. மனைவியின் தம்பி வெல்டர். அவன் எஞ்சினுக்கு மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்து, இரண்டு வால்வுக்கு நடுவே தலைமுடி போல ஓடிய விரிசலைக் காட்டினான். அதன் வழியாகத்தான் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கியிருந்தது. வேறு ஹெட் வாங்கலாம் என்றால், அதைச் செய்த கம்பெனியே மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"இது வார்ப்பிரும்பு மாமா. சூடாக்கி ஒட்டணும், அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா ஆற விடணும்" என்றான் வெல்டர்.

மெதுவா என்ற வார்த்தை யார் காதில் விழுந்தது? முதல் தடவை ஒட்டி முடித்ததும், சீக்கிரம் ஆறட்டுமே, லேசாகத்தானே என்று ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். 'டிங்' என்று மறுபடி விரிசல் விட்டது. அடுத்த தடவை மெதுவாக ஆறுவதற்காகச் சாம்பலுக்குள் புதைத்து வைத்ததை, ஒட்டியிருக்கிறதா என்று தோண்டிப் பார்த்தார். அதுவும் 'டிங்'.

மனைவி அன்றோடு கைகழுவிவிட்டாள். "எனக்கு மாவு மூட்டை வைக்க இடமில்ல. பழைய இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லியிருக்கேன். திங்கட்கிழமை காலையில லாரியோட வருவாரு. கடைசியா ஒரு தடவை ஒட்டிப் பாருங்க. விரிசல் தெரிஞ்சா வண்டி லாரியில ஏறுது. அவ்வளவுதான்."

அந்த வண்டி போனால் தன்னில் பாதி போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இரண்டு தடவை கெடுத்தது இவர்தானே, எந்த முகத்தோடு வாதாடுவது?

அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை. "என் அடுப்பை சனிக்கிழமை அணைச்சா, திங்கட்கிழமை வரைக்கும் கதகதன்னு இருக்கும். அதுக்குள்ள வையுங்க. ஆனா கதவைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்" என்றாள்.

சனிக்கிழமை ரொட்டி எல்லாம் இறங்கியதும் ஹெட் ஏறியது. நன்றாகச் சூடானதும் மாமாவும் மச்சானுமாக இரும்புக் கம்பி கொடுத்து வெளியே எடுத்தார்கள். வெல்டர் விரலளவு ஒட்டுவான், சுத்தியலால் பொட்டுப் பொட்டென்று தட்டுவான், மறுபடி ஒட்டுவான். முடிந்ததும் ஹெட்டை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் வேடிக்கை. அவசரம் அடுப்புக்கு எதிரே ஸ்டூல் போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் மனைவி துடைப்பத்தோடு வந்தாள். சுத்தமான இடத்தையே பெருக்கினாள். பிறகு மெல்ல, "என்னங்க, ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. லேசாத் திறந்து பாத்துட்டு மூடிரலாமா?" என்றாள்.

"ஐயையோ, தொடாதே!" என்று எழுந்து அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றார். "ஆறட்டும். அதுவா ஆறட்டும்!"

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்றும் பார்த்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் லாரி வந்துவிட்டது. இரும்புக் கடைக்காரர் இறங்கிச் சங்கிலியைக்கூடத் தயாராக எடுத்து வைத்தார். ஹெட்டை வெளியே எடுத்து, வெல்டர் விரிசல் இருந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, ஊறவிட்டு, துடைத்தான். அதன்மேல் சாக்பீஸ் தூள் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து தூளில் ஈரக்கோடு போடும். சாக்பீசுக்கு எங்கே போவது? மனைவி ஒரு பிடி மைதாவை எடுத்து, பன் தட்டில் தூவுவதுபோலத் தூவினாள்.

எல்லோரும் குனிந்தார்கள். உள்ளபடி சொன்னால், அவசரம் பயந்து செத்தார். மாவு வெள்ளையாகவே இருந்தது.

"போதும் மாமா, ஒட்டிக்கிச்சு" என்றான் வெல்டர்.

"இரு மச்சான், இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்" என்றார் அவசரம். வெல்டர் வாயைப் பிளந்தான்.

அந்தக் கொஞ்ச நேரமும் போனது. கோடு விழவில்லை. இரும்புக் கடைக்காரர் சங்கிலியைத் திரும்ப லாரியில் போட்டார். வந்ததுதான் வந்தோம் என்று, மனைவி அடுப்பைப் பற்றவைத்து பன் இறக்கும்வரை இருந்து, அன்றைய முதல் பன்னை வாங்கிக் கடித்தார். கடித்த வாய் அப்படியே நின்றது.

"என்னக்கா, பன்னுக்கு கிரீஸ் போட்டிருக்கியா?"

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அடுப்பில் வைக்கும் அவசரத்தில் ஹெட்டில் இருந்த பழைய ஆயிலை யாரும் கழுவவில்லை! அது அடுப்புக்குள் எரிந்து செங்கல்லில் ஏறியிருந்தது. அன்றைய பன் எல்லாம் ஆயில் வாடை. போச்சு, இன்றைக்குத் தொலைந்தோம் என்று அவர் தலைகுனிந்து நின்றார்.

அவள் ஒரு பன்னைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள். "முப்பது வருஷமா உங்க சட்டையில இருக்கிற வாசனைதானே. எனக்குப் பழகிருச்சு. ஊருக்குத்தான் பழகல" என்று சொல்லிவிட்டு, வாடை போக அடுப்பை வெறுமனே எரிய விட்டாள்.

ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி, வால்வுகளை உட்காரவைத்து, வெள்ளிக்கிழமை வண்டியில் மாட்டினார்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்காக வண்டியின் முன்பக்கத்தில் ஹேண்டிலைச் சொருகிவிட்டு, அவர் பேக்கரிப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "வாம்மா, நீ ஏறி உக்காந்ததும் சுத்துறேன்!"

"மாவு பொங்கிட்டிருக்கு. வர நேரமாகும், நீங்க சுத்துங்க!"

அவர் சுற்றவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடி, மாவு பொங்கி அவள் வரும்வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்.